தீவிர சிகிச்சைப் பிரிவில் நிமோனியா: வென்டிலேட்டர், மூன்று ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு – வீட்டில் எப்படிப் புரியவைப்பது?

செங்காங் மகன் எழுதியது:

வணக்கம், சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 68, நீரிழிவு பல வருஷமாக உண்டு. இருமல், காய்ச்சல் என்று ஆரம்பித்தது. இப்போது இரண்டு நுரையீரலிலும் கடுமையான நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆன்டிபயாடிக் போகிறது. ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கக் கழுத்து வழியாக ஒரு மருந்து, அதோடு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு.

டாக்டர்கள் பொறுமையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கும்போது பாதி மண்டையில் ஏறுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருவர் "மெஷின் போட்டால் அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருவர் "சர்க்கரைக்காரருக்கு ஸ்டீராய்டா, உடனே நிறுத்தச் சொல்" என்கிறார். அம்மா அதையெல்லாம் படித்துவிட்டு அழுகிறார். என்ன சிகிச்சை கொடுப்பது என்று நான் கேட்கவில்லை, அதை அங்கிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதெல்லாம் எதற்காகச் செய்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அம்மாவிடம் உட்கார்ந்து பேச முடியும்.

---

இரவுப்பணி தாதி எழுதியது:

தம்பி, முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவை அம்மாவின் போனில் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள்.

வென்டிலேட்டர் நிமோனியாவைக் குணப்படுத்தாது. கிருமியைக் கொல்வது மருந்து, புண்ணை ஆற்றுவது உடம்பு. அதற்கு நாள் பிடிக்கும். அதுவரை மூச்சு வாங்கி வாங்கி மனிதர் களைத்துப்போகாமல் தாங்குவதுதான் அந்த மெஷினின் வேலை, ஒடிந்த காலுக்கு ஊன்றுகோல் மாதிரி. "போட்டால் திரும்ப மாட்டார்கள்" என்பது பொய். நோய் முற்றியவர்களுக்குத்தான் போடுகிறோம் என்பதால் எல்லோரும் பிழைப்பதில்லை, அது உண்மை. ஆனால் குழாய் எடுத்து, பேசி, நடந்து வீட்டுக்குப் போகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன்.

வென்டிலேட்டர் போட்டதும் நாங்கள் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று என்ன தெரியுமா? அளவு நாடாவை எடுத்துத் தலையிலிருந்து குதிகால்வரை உயரத்தை அளப்பது. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று தள்ளுவது என்பதை எடையை வைத்துக் கணக்கிட மாட்டோம், உயரத்தை வைத்துத்தான். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. உயரத்துக்கு உரிய எடை 60 கிலோ என்று வந்தால், கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 360 மில்லிதான். பார்ப்பவர்களுக்கு "என்ன இவ்வளவு கொஞ்சமாக விடுகிறார்கள்" என்று தோன்றும். நிமோனியாவில் பாதி நுரையீரல் சீழும் நீருமாக அடைத்திருக்கும். தள்ளுகிற காற்று முழுவதும் மீதியுள்ள நல்ல பகுதிக்குள் போய் அதையும் கிழித்துவிடக் கூடாது. 2000இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 விழுக்காட்டினர். மெஷின் அதேதான். அதை ஓட்டுகிற விதம் மாறியதற்கே இத்தனை உயிர்.

கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கும். வாயிலிருந்து எச்சில் நுரையீரலுக்குள் இறங்காமல் இருக்க அது உதவும். அதே காரணத்துக்காக வாயையும் தவறாமல் சுத்தம் செய்வோம். நிலைமை இடம் கொடுத்தால் காலையில் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்போம். அப்போது அப்பா கண் திறந்து திணறுவது போலத் தெரியலாம், பயப்பட வேண்டாம். கையைப் பிடித்து, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், வீட்டில் யார் யார் நலம் என்று சொல்லுங்கள். தமிழிலேயே பேசுங்கள். எங்கள் வார்டில் பல சமயம் தமிழ் தெரிந்த ஒருவர்கூடப் பணியில் இருக்க மாட்டார். வீட்டுக் குரல் கேட்டால் நோயாளி அடங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருடைய மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

---

பிடோக் கார்த்தி எழுதியது:

அக்கா, நல்ல விளக்கம். எனக்கு ஒரு சந்தேகம். எந்தக் கிருமி என்று தெரியாமலே மூன்று ஆன்டிபயாடிக் எதற்கு? தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் எடுக்காதே என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்களே.

---

மூச்சு மருத்துவர் எழுதியது:

தீவிர சிகிச்சையில் வேலை பார்க்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், செங்காங் மகனின் அப்பாவைப் பற்றி அல்ல.

சாதாரண நிமோனியாவில் ஒரு மருந்து கொடுத்து இரண்டு நாள் பார்த்து மாற்றலாம். ரத்த அழுத்தம் இறங்கிய நிமோனியாவில் அந்த இரண்டு நாள் நம் கையில் இல்லை. சந்தேகம் வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் உலக அளவிலான வழிகாட்டுதல். ரத்த மாதிரியை எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து இன்னதென்று கண்டுபிடிக்கும் சோதனைக்கு) அனுப்பிவிட்டு, விடைக்குக் காத்திருக்காமல் தொடங்குவோம். அந்த முதல் மருந்து தப்பாகப் போனால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஈடுகட்டுவது கடினம். அதனால்தான் வலையை அகலமாக வீசுகிறோம்.

பெனிசிலின் வகை ஒன்று, நிமோகாக்கஸ் போன்ற வழக்கமான கிருமிகளுக்கு. அசித்ரோமைசின், லெஜியோனெல்லா, மைக்கோபிளாஸ்மா போன்றவற்றுக்கு. இவற்றுக்குப் பெனிசிலின் வேலை செய்யாது. இந்த இரண்டும் உலகம் முழுக்க உள்ள வழக்கம். மூன்றாவதாக இங்கே பல மருத்துவமனைகளில் செஃப்டாசிடைம் சேர்ப்போம். ஐரோப்பிய வழிகாட்டியைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். காரணம் மெலியாய்டோசிஸ். நம் வட்டாரத்து மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமாலை என்ற கிருமியால் வருவது. நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், மழைக்காலத்தில் கூடும். எல்லா இடத்திலும் நிமோனியாவுக்குக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் இதற்குப் போதாது. பெனிசிலினுக்கும் ஜென்டாமைசினுக்கும் பொதுவாக அடங்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம்தான்.

நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று. இந்த நோயை முதன்முதலில் கண்டறிந்தது ரங்கூனில், 1911இல். ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் இறந்தவர்களின் உடலைச் சோதித்து, அதுவரை யாரும் எழுதாத ஒரு நோய் இது என்று 1912இல் வெளியிட்டார்கள். கிருஷ்ணசுவாமியின் பெயர் பல இடங்களில் விட்டுப்போவது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. லெவோஃப்ளாக்சசின் போட்டால் ஒரே மருந்தில் பல கிருமிகளுக்கு வேலை முடிந்துவிடுமே என்பார்கள். ஆனால் அது காசநோயையும் கொஞ்சம் அடக்கும். இருப்பது காசநோயாக இருந்தால், தேறுவது போலக் காட்டி நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும். காசநோய் இன்னும் இருக்கிற ஊர் இது. அதனால் கையில் எடுக்கும் முன் யோசிப்போம்.

கார்த்தி கேட்டதற்கு நேரடி விடை: கல்ச்சர் முடிவு வந்ததும் வேண்டாததை நிறுத்திவிடுவோம். அகலமாகத் தொடங்கிச் சீக்கிரம் குறுக்குவது. குறுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் நீங்கள் சொல்வது சரி, அது தப்பு.

---

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

டாக்டர் சொன்ன மெலியாய்டோசிஸ்தான் என் மாமியாருக்கு வந்தது. அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு பாத்தி. வெண்டை, கறிவேப்பிலை, துளசி. டிசம்பர் மழையிலும் செருப்பில்லாமல் இறங்கிவிடுவார். அவருக்கும் சர்க்கரை உண்டு. முதலில் எல்லோரும் வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போன அன்றே தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்ந்த பிறகுதான் பெயரே தெரிந்தது. ஆனால் அதற்குரிய மருந்து முதல் நாளிலிருந்தே போய்க்கொண்டிருந்தது என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகுதான் நீண்ட பாடு. கோட்ரைமாக்சசோல் மாத்திரை, மாதக்கணக்கில். உடம்பு தேறி, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததும் "இனி எதற்கு இந்த மாத்திரை, வாயெல்லாம் கசக்கிறது" என்பார். பாதியில் விட்டால் நோய் திரும்ப வரும் என்று தாதி சொல்லி அனுப்பியிருந்தார். காலையும் மாலையும் நானே எடுத்துக் கொடுத்தேன். இப்போதும் தோட்டத்துக்குப் போகிறார், பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு. மழை பெய்த அன்று மட்டும் நாங்கள் அவரைப் போகவிடுவதில்லை.

---

ஈசூன் சிவா எழுதியது:

அப்படியென்றால் ஸ்டீராய்டு? என் சித்தப்பாவுக்கும் போன வருஷம் நிமோனியா வந்து வென்டிலேட்டரில் இருந்தார். அவருக்கு ஸ்டீராய்டு கொடுக்கவே இல்லை. ஒருத்தருக்குக் கொடுக்கிறார்கள், இன்னொருத்தருக்கு இல்லை என்றால் யாரோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

---

மூச்சு மருத்துவர் எழுதியது:

சிவா, உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது இன்ஃபுளுவென்சாவா (ஃப்ளூ)? அப்படியானால் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது.

2023இல் பிரான்சிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது, கேப் காட் என்று பெயர். கடுமையான நிமோனியாவோடு தீவிர சிகிச்சைக்கு வந்த சுமார் 800 பேர். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன், மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து. 28 நாளில் இறந்தவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களில் 6.2 விழுக்காடு, போலி மருந்து பெற்றவர்களில் 11.9. வென்டிலேட்டர் இல்லாமல் வந்தவர்களில் பிறகு குழாய் போட வேண்டிவந்தவர்களும் குறைவு. கிருமியைவிட, கிருமியை எதிர்க்கும் வேகத்தில் உடம்பே நுரையீரலைப் புண்ணாக்கிக்கொள்வதைத்தான் இந்த மருந்து தணிக்கிறது. கடுமை என்று தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினார்கள், அது முக்கியம்.

ஆனால் இன்ஃபுளுவென்சா உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அந்த நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்த இடங்களில் இறப்பு கூடியதாகத்தான் இதுவரை உள்ள கணிப்புகள் காட்டுகின்றன. அவர்களுக்கு ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்து, ஸ்டீராய்டைத் தள்ளிவைப்பதே வழக்கம்.

செங்காங் மகனுக்கு: செப்டிக் ஷாக், அதாவது கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் இருந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் ரத்த அழுத்த மருந்தின் அளவு குறையாமல் இழுத்தடித்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுப்பது தனியாக நிலைபெற்ற வழக்கம். சர்க்கரை ஏறும், கட்டாயம் ஏறும். அதற்கு இன்சுலின் சொட்டாகப் போகும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 10 மில்லிமோலுக்குக் கீழே வைத்தால் போதும். அதைவிட இறுக்கிப் பிடிக்கப்போனால் இறப்பு கூடுகிறது என்று 2009இல் வெளியான பெரிய ஆய்வு காட்டிவிட்டது. அதனால் 9 என்று எண் தெரிந்தால் அம்மா பதற வேண்டாம்.

---

மருந்தாளர் எழுதியது:

டாக்டர், ஒரு மாற்றுக் கருத்து. ஸ்டீராய்டு விஷயம் முடிந்துபோனது போலப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2022இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 584 பேரிடம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைப் பார்த்தார்கள். 60 நாளில் இறந்தவர்கள் 16 விழுக்காடு, போலி மருந்தில் 18. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. அப்புறம் நம் ஊர் பிரான்ஸ் இல்லை. மெலியாய்டோசிஸ், காசநோய் இரண்டும் இங்கே உண்டு. அவை பிரெஞ்சு ஆய்வில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

---

மூச்சு மருத்துவர் எழுதியது:

நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் மருந்து வேறு, தொடங்கிய நேரமும் தாமதம், மூன்று நான்கு நாள்வரைகூடப் போனது. என் கணிப்பில் வித்தியாசத்துக்கு நேரம்தான் காரணம். நிரூபிக்க முடியாது. 2024இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சைச் சங்கம் கடுமையான பாக்டீரியா நிமோனியாவுக்குக் கொடுக்கப் பரிந்துரைத்தது. நான் கொடுக்கிறேன். ஆனால் காசநோய்ச் சந்தேகம் பலமாக இருந்தால் நின்று யோசிப்பேன். முதல் ஆன்டிபயாடிக்கில் செஃப்டாசிடைம் இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் ஓடுவது எனக்குப் பிடிக்காது. நீங்கள் சொன்ன அந்த இடைவெளி உண்மையானது, நம் வட்டாரத்து ஆய்வு வேண்டும்.

---

செங்காங் மகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்று அப்பாவைக் குப்புறப் படுக்கவைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். நிலைமை மோசமாகிவிட்டதா? எக்மோ போடச் சொல்லிக் கேட்கலாமா?

---

இரவுப்பணி தாதி எழுதியது:

மோசம் என்பதைவிட, ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம். மல்லாந்து படுத்திருக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் இதயத்தின் பாரத்திலும் நீரிலும் நசுங்கிக் கிடக்கும். கவிழ்த்தால் அந்தப் பகுதி விரியும். ஒரு தடவைக்கு 16 மணி நேரம் அளவு. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 28 நாள் இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16க்கு இறங்கியது. தீவிர சிகிச்சையில் இவ்வளவு பலன் காட்டிய காரியங்கள் கொஞ்சம்தான், அதுவும் செலவில்லாமல்.

திருப்புவதற்கு ஐந்தாறு பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார், மூன்று சொன்னதும் எல்லோரும் ஒன்றாகத் திருப்புவோம். நீங்கள் பார்க்கும்போது முகம் வீங்கியிருக்கும், கன்னத்தில் மெத்தைத் துண்டு வைத்திருப்போம். அம்மாவை அந்த நேரத்தில் உள்ளே கூட்டிவரும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். வீக்கம் வடிந்துவிடும்.

எக்மோ பற்றி டாக்டர் சொல்லட்டும்.

---

மூச்சு மருத்துவர் எழுதியது:

எக்மோ ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திரும்ப விடுவது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற சில இடங்களில்தான் உண்டு. குப்புறப் படுக்கவைத்தும் ஆக்சிஜன் ஏறாதவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஓடும் என்பதால் ரத்தக்கசிவு ஒரு பெரிய ஆபத்து. வயது, மற்ற உறுப்புகள் எல்லாம் பார்ப்பார்கள். தாராளமாகக் கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால் ஏன் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

---

தொப்பாயோ பெரியப்பா எழுதியது:

தம்பி, கேட்கக் கஷ்டமான விஷயம்தான், ஆனாலும் கேட்டுவிடுகிறேன். அப்பா தெளிவாக இருந்தபோது இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? நம் வீடுகளில் மூத்த பிள்ளைதான் கையெழுத்துப் போட்டு முடிவெடுக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இங்கே சட்டம் அப்படியில்லை. தன்னால் முடிவெடுக்க முடியாதபோது தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ பத்திரம் எழுதி உங்களை நியமித்திருந்தாலும், உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்கள் முடிவு சொல்ல முடியாது. டாக்டர்கள்தான் அவருடைய நலனைப் பார்த்து முடிவெடுப்பார்கள். உங்களிடம் அவர்கள் கேட்பது "அப்பா என்ன விரும்புவார்" என்பதைத்தான். அந்தப் பாரம் முழுவதையும் தோளில் தூக்கிக்கொண்டு தூங்காமல் இருக்காதீர்கள். அவர் எப்படிப்பட்ட மனிதர், எதற்காக வாழ ஆசைப்படுவார் என்பதைச் சொன்னால் அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

---

துவாஸ் தமிழன் எழுதியது:

எல்லோரும் குடிமக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னுடன் தங்கும் பையன், வயது முப்பதுகூட இல்லை, இதே நிமோனியாவில் தீவிர சிகிச்சையில் இருக்கிறான். ஊரில் அவன் அம்மா நிலத்தை அடகு வைக்கவா என்று கேட்கிறார். ஒர்க் பெர்மிட்தான். பில் யார் கட்டுவது?

---

உட்லண்ட்ஸ் மருமகள் எழுதியது:

தம்பி, அந்த அம்மாவிடம் நிலத்தைத் தொட வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். ஒர்க் பெர்மிட்காரர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. தீவிர சிகிச்சையில் அதுவும் தாண்டிப் போகலாம்தான். அதனால் வார்டில் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று இன்றே கேளுங்கள். கம்பெனிக்காரர் வந்து பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கும் மெடிஷீல்ட் லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி போக மீதியை எப்படிக் கட்டுவது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

---

பாசிர் ரிஸ் மாலா எழுதியது:

பிழைத்து வந்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். என் கணவர் குழாய் எடுத்த பிறகு சுவரில் எறும்பு ஊர்கிறது, தாதிகள் தன்னைக் கப்பலில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்றெல்லாம் சொன்னார். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துப் பயந்தேன். அது தீவிர சிகிச்சையில் நிறையப் பேருக்கு வருவது, தெளிந்துவிடும் என்றார்கள், தெளிந்தது. பலம்தான் திரும்பவில்லை. கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். எக்ஸ்ரேயில் எல்லாம் சரி, பிறகு ஏன் இப்படி என்று அவருக்கு எரிச்சல் வரும். உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு விடாமல் கூட்டிப்போனேன். வேலைக்குத் திரும்பப் பல மாதம் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி என்று எதிர்பார்க்காதீர்கள், அவரையும் அவசரப்படுத்தாதீர்கள்.

---

பிடோக் கார்த்தி எழுதியது:

என் அம்மாவும் தனியாக இருக்கிறார், சர்க்கரை உண்டு. எந்த அறிகுறி வந்தால் மருந்தகத்துக்கு (கிளினிக்) போகாமல் நேராக ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும்? தடுப்பூசி போட்டால் இதெல்லாம் வராதா?

---

மூச்சு மருத்துவர் எழுதியது:

மூச்சை எண்ணுங்கள். அவருக்குத் தெரியாமல், போனில் ஒரு நிமிடம் வைத்து. 30ஐத் தொட்டால் 995. பேச்சு குழறினாலோ, நாள் கிழமை தெரியாமல் உளறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் தலைசுற்றி விழுந்தாலோ அப்படியே. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கடும் நிமோனியா வரும். "காய்ச்சல் இல்லையே" என்று ஒரு ராத்திரி பொறுத்துப் பார்த்து வருகிறவர்கள்தான் எங்களிடம் மிகவும் தாமதமாக வருகிறார்கள்.

தடுப்பூசி எல்லா நிமோனியாவையும் தடுக்காது. மெலியாய்டோசிஸுக்குத் தடுப்பூசியே இல்லை. ஆனால் நிமோகாக்கஸ், இன்ஃபுளுவென்சா இரண்டுக்கும் உண்டு. 65 வயது ஆனவர்களுக்கு இரண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கும் பரிந்துரை உண்டு. இங்கே வருஷம் முழுவதும் இன்ஃபுளுவென்சா இருக்கிறது. பொதுவாக வருஷக் கடைசியிலும் நடுவிலும் கூடும்.

---

பிடோக் கார்த்தி எழுதியது:

அம்மாவுக்கு 61. ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கத் திட்டத்தில் பதிந்த மருந்தகத்தில் கேட்டால் போதுமா, அல்லது பலதுறை மருந்தகத்துக்குத்தான் (பாலிகிளினிக்) போக வேண்டுமா?

---

மருந்தாளர் எழுதியது:

பதிந்த மருந்தகமே போதும். குடிமகள் என்றால், அவருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஊசிகளை அங்கே காசில்லாமல் போடலாம். நீரிழிவு இருப்பதைச் சொல்லி நிமோகாக்கஸ் ஊசியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பலர் ஃப்ளூ ஊசியோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் போடலாம், கைக்கு ஒன்றாக.